ஒரு நகரம், இரண்டு தீ

போன மார்கழியில் என் நாவல் ஒன்றின் ஒன்பது அத்தியாயங்கள் காணாமற் போயின. கறையான் அரிக்கவில்லை, பத்திரிகை ஆபீஸுக்குப் போகிற வழியில் தபாலில் தொலையவும் இல்லை. நானே, என் சொந்தக் கையால், அவற்றை அழித்துவிட்டேன். அழித்தபோது ஏதோ நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். நான் பேனாவை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் எழுதத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகின்றன. என் தமக்கையின் பிள்ளை அந்தத் துறையிலே உத்தியோகம் பார்க்கிறான். "மாமா, நீங்கள் எழுதுவதெல்லாம் தானாகவே மேகத்துக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். இனிமேல் உங்களுக்குக் கவலையே வேண்டாம்" என்று அவன் ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனான். எனக்கும் கவலை விட்டது.

சில மாதங்கள் கழித்து என் கம்ப்யூட்டர் இடம் போதவில்லை என்று முறையிட ஆரம்பித்தது. நான் யோசித்தேன். மேலே மேகத்தில் ஒரு பிரதி பத்திரமாக இருக்கிறது. கீழே இன்னொன்று எதற்காக இடத்தை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும்? அந்த ஒன்பது அத்தியாயங்களையும் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். நாற்பது நாளைக்குப் பிறகு பத்தாவது அத்தியாயம் எழுத உட்கார்ந்து, பழையதைப் பார்க்கலாம் என்று மேகத்தைத் திறந்தால், அங்கே ஒன்றுமில்லை.

பையனைக் கூப்பிட்டேன். அவன் வந்து பார்த்தான்.

"என்ன மாமா இப்படிச் செய்துவிட்டீர்கள்! நான் உங்களுக்கு வைத்துக் கொடுத்தது இரும்புப் பெட்டியல்ல, நிலைக்கண்ணாடி. இந்தப் பக்கம் நீங்கள் எழுதினால் அந்தப் பக்கமும் எழுத்துத் தெரியும். இந்தப் பக்கம் அழித்தால் அந்தப் பக்கமும் அழிந்துபோகும்."

"அழித்ததைத் திரும்பப் பெற வழியே கிடையாதா?"

"குப்பைக்கூடையில் முப்பது நாள் வைத்திருப்பார்கள். நீங்கள் நாற்பதாம் நாள் வந்திருக்கிறீர்கள்."

"இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டேன். அவன் தலையைச் சொறிந்தான். பாவம், என்னைத் தேற்ற வேண்டுமென்று நினைத்தானோ என்னவோ, "உங்களுக்கு ஒன்பது அத்தியாயங்கள்தான் மாமா. ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரே ராத்திரியில் எத்தனையோ பேருடைய சர்வஸ்வமும் போய்விட்டது. கட்டடமே எரிந்துபோயிற்று" என்றான்.

"தெரியும். 1870ஆம் வருஷம். நூல்நிலையம்" என்றேன் நான்.

"1870 இல்லை மாமா. 2021" என்றான் அவன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே நகரத்தில் நடந்த இரண்டு தீ விபத்துக்களில் அவனுக்கு ஒன்று தெரிந்திருந்தது, எனக்கு மற்றொன்று. அன்றிரவு நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சிலே பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

*

ஸ்ட்ராஸ்பூர்க், பிரான்சு தேசத்தின் கிழக்கு ஓரத்தில் ரைன் நதிக்கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. இரண்டு தேசங்களும் மாறி மாறி உரிமை கொண்டாடிய நகரம் அது. அங்கேதான் சுமார் 1434 முதல் பத்து வருஷம் போல கூட்டன்பர்க் குடியிருந்தார். அச்சுக்கலையை ஐரோப்பாவுக்குக் கொடுத்தவர் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே கூட்டன்பர்க்தான். ஒன்றைப் பல பிரதிகளாகச் செய்வது எப்படி என்ற யோசனை அவர் மனத்தில் உருவானது இந்த ஊரில்தான் என்று சொன்னால் பெரிய பிழையாகாது.

அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் ஒரு கோர்ட்டு வழக்கு. கூட்டன்பர்க்கின் கூட்டாளிகளில் ஒருவர் ஆந்திரேயாஸ் திரித்ஸேன். அவர் இறந்துபோனதும் அவருடைய சகோதரர்கள், தங்களையும் தொழிலில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1439இல் வழக்குப் போட்டார்கள். கூட்டன்பர்க் ஜயித்தார். சாட்சி சொல்ல வந்தவர்கள் ஓர் அழுத்துயந்திரத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஈயத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு பொற்கொல்லர், அச்சிடுவது சம்பந்தமான வேலைக்காக மட்டுமே கூட்டன்பர்க்கிடம் சுமார் நூறு பொற்காசு சம்பாதித்ததாகச் சொன்னார். அச்சுக்கலையின் பிறப்புச் சான்றிதழ் என்றே அந்த வாக்குமூலங்களைச் சொல்லலாம்.

அந்தக் காகிதங்களில் ஒரு பகுதி பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல் அழிந்தது. எஞ்சியவை நகர நூல்நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. பழைய டொமினிக்கன் மடத்துக் கோவிலில் அந்த நூல்நிலையம் இருந்தது. புராட்டஸ்டண்டு செமினரியின் நூல்நிலையமும் அதே கூரையின் கீழேதான் இருந்தது. ஒரு கூரைக்கு இரண்டு நூல்நிலையம். சௌகரியமான ஏற்பாடு! ஒரு படிப்பாளி இங்கே இல்லாத புத்தகத்தை அங்கே தேடலாம். மழையில் நனைய வேண்டாம்.

அங்கே இன்னொரு பொக்கிஷமும் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஸ்ட்ராஸ்பூர்க்குக்குத் தென்மேற்கே ஒரு மலைமேல் இருந்த ஹோஹன்பர்க் கன்னியர் மடத்தின் தலைவி ஹெர்ராட் என்ற அம்மையார். மடத்திலிருந்த பெண்களுக்கு உலகத்தில் அறிய வேண்டியதையெல்லாம் ஒரே புத்தகத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று அந்த அம்மையாருக்கு ஆசை. வேதக் கதைகள், தத்துவம், வான சாஸ்திரம், பாட்டு எல்லாம் அதில் உண்டு. முந்நூற்றுக்கு மேற்பட்ட வர்ணச் சித்திரங்களும் உண்டு. ஏறத்தாழ 1185இல் அது முடிந்தது. 'ஹோர்ட்டஸ் டெலிசியாரம்' என்று பெயர்; இன்பத் தோட்டம் என்று அர்த்தம். உலகம் முழுவதிலும் அதற்கு ஒரே ஒரு மூலப்பிரதிதான். அது இந்தக் கூரையின் கீழே இருந்தது.

1870ஆம் வருஷம் ஜூலை மாதம் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. ஆகஸ்டில் ஜெனரல் வெர்டரின் சைனியம் ஸ்ட்ராஸ்பூர்க்கை முற்றுகையிட்டது. கோட்டையைப் பிடிக்க நாளாகும் என்று தோன்றியதும், ஜனங்களைப் பயமுறுத்தினால் நகரம் தானே சரணடையும் என்று நினைத்து, ஊருக்குள்ளேயே குண்டு போட ஆரம்பித்தார்கள். ஆகஸ்டு 24ஆம் தேதி இரவு பழைய டொமினிக்கன் கோவிலில் தீப்பிடித்தது. விடிவதற்குள் இரண்டு நூல்நிலையங்களும் சாம்பலாயின. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட புத்தகங்களும் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளும் போயின. இன்பத் தோட்டம் போயிற்று. கூட்டன்பர்க்கின் வழக்குக் காகிதங்களும் போயின. முற்றுகை தொடங்கிய பிறகும் அவற்றை வேறிடத்துக்குக் கொண்டுபோகாமல் விட்டிருந்தார்கள். நூல்நிலையத்தின்மேல் யார் குண்டு போடுவார்கள் என்ற நம்பிக்கை அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும்.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். "எரிந்துபோன காகிதத்தில் பொற்கொல்லர் என்ன சொன்னார் என்பது உமக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. அந்த வாக்குமூலங்களை ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சேர்ந்த ஷோஃப்லின் என்ற சரித்திர ஆசிரியர் 1760இல் ஒரு புத்தகத்தில் அச்சிட்டிருந்தார். அவர் தீயை நினைத்து அச்சிடவில்லை. அச்சுக்கலை எங்கே பிறந்தது என்பது அந்தக் காலத்துப் பண்டிதர்களுக்குள் பெரிய சண்டை. அந்தச் சண்டையில் தம் கட்சிக்குச் சாட்சியாகத்தான் அவற்றைப் பிரசுரித்தார். நூற்றுப்பத்து வருஷத்துக்குப் பிறகு மூலம் எரிந்தபோது, அவர் அச்சிட்டது ஐரோப்பாவில் பல ஊர் அலமாரிகளிலே சுகமாக இருந்தது.

இன்பத் தோட்டத்தின் கதையும் இதே மாதிரிதான். எங்கெல்ஹார்ட் என்ற ஸ்ட்ராஸ்பூர்க்காரர் 1818இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதி, சில படங்களைப் பிரதி செய்து சேர்த்தார். பிறகு பாஸ்தார் பிரபு என்ற பிரெஞ்சுக் கனவான், பழைய சித்திரங்களில் பைத்தியம் பிடித்தவர், மெல்லிய காகிதத்தைப் படங்களின் மேலே வைத்து ஏராளமாகப் பிரதி எடுக்கச் செய்தார். இன்னும் யார் யாரோ தங்கள் ஆராய்ச்சிக்கென்று அங்கொரு பக்கமும் இங்கொரு பக்கமும் எழுதி வைத்திருந்தார்கள். தீக்குப் பிறகு ஸ்ட்ராப் என்ற பாதிரியார் இந்தத் துணுக்குகளையெல்லாம் தேடிச் சேர்த்து, 1879இல் வெளியிடத் தொடங்கினார். அவருக்குப் பின் கெல்லர் என்பவர் 1899இல் முடித்தார். அதற்கும் பிறகு லண்டன் வார்பர்க் நிலையத்து அறிஞர்கள் இன்னும் விரிவாகத் தேடி 1979இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள். எரிந்த புத்தகத்தை மீட்க நூற்றொன்பது வருஷம்!

மீட்டது முழுப் புத்தகமல்ல. பெரும்பாலான படங்கள் வெறும் கோடாகத்தான் இருக்கின்றன, வர்ணம் இல்லை. எந்தெந்தப் பக்கம் இல்லை என்பதை அறிஞர்களால் சொல்ல முடிகிறது. அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதை முழுக்கச் சொல்ல முடியவில்லை.

*

இனி மருமகனுடைய தீக்கு வருகிறேன்.

மேகம் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் பெரிய கவியாக இருக்க வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டால் பாரமில்லாமல், விலாசமில்லாமல், தீயும் வெள்ளமும் எட்டாத உயரத்தில் மிதக்கிற ஏதோ ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. உண்மையில் மேகத்துக்கு விலாசம் உண்டு, கதவிலக்கம் உண்டு, மின்சாரக் கட்டணமும் உண்டு. அடுக்கடுக்கான இரும்புச் சட்டங்களில் சர்வர் என்கிற கம்ப்யூட்டர்களை ஆயிரக்கணக்கில் நிறுத்தியிருக்கிற ஒரு கட்டடம்தான் அது. அந்தக் கம்ப்யூட்டர்களுக்குள்ளே சுழலும் தட்டுகளிலோ சிப்புகளிலோ நம் கடிதமும் கணக்கும் கல்யாணப் போட்டோவும் எழுதப்பட்டிருக்கின்றன. அமேசான் கம்பெனி 2006 மார்ச்சு மாதத்தில் இப்படிச் சேமித்து வைக்கும் இடத்தை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. அதன் பிறகு இந்தத் தொழில் காட்டுத்தீ போலப் பரவியது. காட்டுத்தீ என்ற உவமை இங்கே பொருத்தமில்லைதான். போகட்டும்.

ஓ.வி.எச். என்பது பிரெஞ்சுக் கம்பெனி. ஒக்தாவ் கிளாபா என்பவர் 1999இல் தொடங்கியது. ஐரோப்பாவின் பெரிய மேக வியாபாரிகளில் ஒருவர். ஸ்ட்ராஸ்பூர்க்கின் ரைன் துறைமுகத்தில் அந்தக் கம்பெனிக்கு நான்கு கட்டடங்கள் இருந்தன. அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றுதான் பெயர். 2021 மார்ச்சு 10ஆம் தேதி, புதன்கிழமை, நள்ளிரவு 12 மணி 47 நிமிஷத்துக்கு இரண்டாம் கட்டடத்தில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் அது. கம்ப்யூட்டர்களின் சூடு தணிவதற்காக, வெளிக்காற்று உள்ளே புகுந்து மேலே போகும்படி கட்டியிருந்தார்கள். சமையலறைப் புகைபோக்கி எப்படி வேலை செய்கிறது என்று நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். தீயும் அந்த வழியிலேயே ஏறிற்று. தானாக நீரோ வாயுவோ பீச்சித் தீயை அணைக்கிற சாதனம் அங்கே இருக்கவில்லை. மின்சாரத்தை முழுதும் துண்டிக்கவே மூன்று மணி நேரம் போல ஆயிற்று என்று பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது.

தீயணைக்கும் வீரர்கள் நூறு பேர் வந்து போராடினார்கள். ரைன் நதியில் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து வைத்திருக்கிற தீயணைப்புப் படகும் வந்து ஆற்று நீரை இறைத்தது. எனக்கு அந்தப் படகைப் பற்றிக் கேட்டதும் மனம் இளகிவிட்டது. 1870இல் ஆற்றின் அக்கரையிலுள்ள கேல் என்ற ஊரிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க்மேல் பீரங்கிகள் நெருப்பைக் கக்கின. நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு அதே ஆற்றில் இரண்டு தேசத்தாரும் சேர்ந்து ஒரே நெருப்பை அணைக்கிறார்கள். உலகம் ஒரேயடியாகக் கெட்டுப்போய்விடவில்லை.

ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் இரண்டாம் கட்டடம் முழுதும் நாசம். ஒன்றாம் கட்டடத்தில் பன்னிரண்டு அறைகளில் நான்கு நாசம். மற்ற இரண்டும் தப்பின. ஆனால் அவற்றையும் நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 36 லட்சம் வலைத்தளங்கள் அந்தக் காலை வேளையில் மறைந்துபோயின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாரிஸ் பொம்பிடு கலைக்கூடத்தின் தளமும் அவற்றில் ஒன்று. விடியற்காலையில் கிளாபா தம் வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு செய்தி வெளியிட்டார்: ஆபத்துக் காலத்துக்கென்று வைத்திருக்கும் ஏற்பாட்டை எல்லாரும் தொடங்கிக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்தியைப் படித்தவர்கள் இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். வேறு ஊரில் பிரதி வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டே அதை எடுத்து விரித்தார்கள். சில மணியிலோ சில நாளிலோ பிழைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள், "அப்படி ஓர் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறதா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். மேகம் என்றாலே ஏற்பாடுதானே என்று நினைத்தவர்கள் அவர்கள். 'ரஸ்ட்' என்று உலகெங்கும் பிள்ளைகள் ஆடுகிற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு உண்டு. அதன் ஐரோப்பிய சர்வர்களில் இருபத்தைந்து எரிந்துபோயின. அவற்றிலிருந்தது திரும்பக் கிடைக்காது என்று விளையாட்டை நடத்தியவர்களே அறிவித்துவிட்டார்கள்.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. அவர்கள் கதைதான் எனக்கு மிகவும் உறைத்தது. காப்புப் பிரதிக்கென்று தனியாகப் பணம் கட்டியவர்கள் அவர்கள். கட்டிய பணத்துக்குப் பிரதியும் எடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரதி எங்கே இருந்தது? அதே இரண்டாம் கட்டடத்தில்! மூலமும் பிரதியும் ஒன்றாக எரிந்தன. ஒரு சிறு நிறுவனம் கோர்ட்டுக்குப் போயிற்று. தனியான இடத்தில் வைப்பதாக ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும்போது ஒரே கட்டடத்தில் வைத்தது தவறு என்று, 2023 ஜனவரியில் லில் நகரத்து வணிக நீதிமன்றம் முதல் நிலையில் வாடிக்கைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக் கிடைத்தது, நஷ்ட ஈடும் உத்தரவாயிற்று. எரிந்த கணக்குக்கு உத்தரவு போட எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

ஒரு கூரைக்கு இரண்டு நூல்நிலையம் என்று முன்னே சொன்னேனல்லவா? அதே ஊரில், அதே சௌகரியம், அதே பலன்.

*

"அப்படியானால் தூரமாக வைத்துவிட்டால் போதுமா?" என்று மருமகனைக் கேட்டேன்.

"போதாது மாமா" என்று சொல்லி அவன் இரண்டு சம்பவங்களைச் சொன்னான். அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கூகிளின் ஜிமெயிலில் நடந்தது. 2011 பிப்ரவரி 27ஆம் தேதி சிலர் தங்கள் தபால்பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. மொத்தப் பேரில் நூற்றுக்கு 0.02 பங்குதான், ஆனாலும் ஜிமெயிலை உபயோகிக்கிறவர்கள் எத்தனை கோடி! கூகிள் ஒவ்வொருவருடைய கடிதங்களையும் பல ஊர்க் கட்டடங்களில் பல பிரதியாக வைத்திருந்தது. தீயோ வெள்ளமோ வந்திருந்தால் ஒன்றும் ஆகியிராது. வந்தது மென்பொருளில் ஒரு பிழை. பிழை எல்லா ஊர்ப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. என் நிலைக்கண்ணாடிக் கதைதான், பெரிய அளவிலே! கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? பழைய காலத்துக் காந்த நாடா. பாட்டுப் பதிவு செய்கிற டேப் போன்றதுதான். அதை எந்தக் கம்ப்யூட்டருடனும் இணைக்காமல் தனியாகக் கழற்றி வைத்திருந்தார்கள். ஆகையால் பிழை அதை எட்டவில்லை. நாடாவைச் சுற்றி வாசித்துக் கடிதங்களைத் திரும்பக் கொடுத்தார்கள்.

இரண்டாவது, கிட்லேப் என்ற கம்பெனியில் நடந்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் எழுத்தைச் சேமித்து வைக்கிற இடம் அது. 2017 ஜனவரி 31ஆம் தேதி இரவு நெடுநேரம் வேலை செய்து களைத்திருந்த ஓர் என்ஜினீயர், இரண்டாவது சர்வரில் அழிக்க வேண்டியதை முதல் சர்வரில் அழித்துவிட்டார். தவறு தெரிந்து நிறுத்துவதற்குச் சில விநாடிதான் ஆயிற்று. அதற்குள் 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5. 'பயமில்லை, நம்மிடம் ஐந்து வகைக் காப்பு இருக்கிறது' என்று தேடினார்கள். நாள்தோறும் எடுப்பதாக நினைத்த பிரதி நெடுநாளாகவே எடுக்கப்படவில்லை. பிரதி எடுக்கும் கருவியின் பதிப்புக்கும் சர்வரின் பதிப்புக்கும் ஒத்துப்போகவில்லை. 'எடுக்க முடியவில்லை' என்று அது அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களைத் தபால் சர்வர் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரதிகளைப் போட்டு வைக்கிற மேகப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், காலி. ஐந்தில் ஒன்றும் உதவவில்லை. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்பார்கள். அவர்களிடம் ஐந்து மண் குதிரைகள் இருந்தன.

தப்புவித்தது ஆறாவது ஒன்று. அதே என்ஜினீயர் ஆறு மணி நேரத்துக்கு முன்னால், ஏதோ ஒரு சோதனைக்காக, முழுவதையும் ஒரு பிரதி எடுத்து வேறொரு சர்வரில் போட்டிருந்தார். அதிலிருந்து ஆமை வேகத்தில் திரும்ப எடுத்தார்கள். ஆறு மணி நேரத்து வேலை போயிற்று, மற்றதெல்லாம் பிழைத்தது. அந்தக் கம்பெனி ஒன்றையும் மறைக்காமல், மீட்கிற வேலையை உலகத்துக்கே நேரில் காட்டிக்கொண்டு செய்தது. அந்தத் துணிச்சலை நான் மெச்சுகிறேன்.

*

இத்தனையும் கேட்ட பிறகு எனக்கு ஒன்று புலப்பட்டது.

ஷோஃப்லின் தம் கட்சியை நிலைநாட்டத்தான் அச்சிட்டார். பாஸ்தார் பிரபு படத்தின்மேல் இருந்த ஆசையால் பிரதி எடுத்தார். கிட்லேப் என்ஜினீயர் ஒரு சோதனைக்காக எடுத்தார். பத்திரப்படுத்த வேண்டும் என்பது இவர்களில் ஒருவருடைய நோக்கமும் அல்ல. ஆனால் இவர்கள் எடுத்த பிரதிகள்தான் பிழைத்தன. பத்திரத்துக்கென்றே ஏற்பட்ட இடங்கள் கைவிட்டன. காரணம் என்ன? இவர்கள் பிரதியை உபயோகித்தார்கள். உபயோகிக்கிறவனுக்குத்தான் அது முழுதாக இருக்கிறதா, வாசிக்க வருகிறதா என்பது தெரியும். மூலம் இருந்த கூரையைவிட்டு அது வெளியேயும் வந்துவிட்டது. பூட்டி வைத்து, பூட்டைப் பார்த்துத் திருப்தியடைகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது ஆபத்து வருகிற அன்றைக்குத்தான் தெரிகிறது.

"ஆனால் அது அதிர்ஷ்டம் மாமா. அதிர்ஷ்டத்தை நம்பித் தொழில் நடத்த முடியுமா?" என்றான் மருமகன். அவன் சொல்வதும் நியாயம்தான். பாஸ்தார் பிரபுவுக்கு வேறு ஏதாவது புத்தகத்தில் பைத்தியம் பிடித்திருந்தால் இன்பத் தோட்டத்தில் ஒரு செடிகூட மிஞ்சியிராது.

அதிர்ஷ்டத்தைப் பழக்கமாக மாற்றிக்கொள்ள அவர்கள் தொழிலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பியது. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறிடத்தில். மூன்று, இரண்டு, ஒன்று. நினைவு வைத்துக்கொள்வது சுலபம். இதோடு அனுபவசாலிகள் இன்னொன்றையும் சேர்க்கிறார்கள். நாள் குறித்துக்கொண்டு, பிரதியிலிருந்து திரும்ப எடுத்து வாசித்துப் பார்க்க வேண்டும். திரும்ப எடுத்துப் பார்க்காத பிரதி, பிரதியல்ல, ஆசை.

*

என் ஒன்பது அத்தியாயங்கள் என்னவாயின என்று சொல்லவில்லையே!

மறுநாள் காலையில் காப்பி கொண்டுவந்த என் மனைவி, "ராத்திரியெல்லாம் என்ன அப்படிப் பேச்சு?" என்று கேட்டாள். சொன்னேன்.

"அந்த நாவலா? என்னிடம் கொஞ்சம் இருக்கிறதே" என்றாள்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் திரையில் படித்தால் கண் வலிக்கும். ஆகையால் நான் எழுத எழுத, மருமகனைக் கொண்டு கொட்டை எழுத்தில் அச்சுப் போட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கும் அது ஞாபகமில்லை. நான்கு அத்தியாயங்கள் அவளுடைய தலையணைக்கு அடியில் இருந்தன. இரண்டு, எதிர்வீட்டு அம்மாளிடம் போயிருந்தன. அவை திரும்பி வந்தபோது ஒன்றில் காப்பிக் கறையும், மற்றொன்றின் பின்புறத்தில் சலவைக் கணக்கும் இருந்தன. ஆறு வேட்டி, நான்கு புடவை, இரண்டு ஜமுக்காளம். அந்தக் கணக்கை நான் அழிக்கவில்லை.

மற்ற மூன்று அத்தியாயங்களை அவள் இன்னும் அச்சுப் போட்டு வாங்கவில்லை. அவற்றை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினேன். கதை வந்தது, சம்பவங்கள் வந்தன, ஆனால் பழைய வாக்கியங்கள் வரவில்லை. ஒரு கிழவர் ரயிலடியில் உட்கார்ந்து தம் பிள்ளைக்காகக் காத்திருக்கிற இடம் ஒன்று. முதல் தடவை எழுதியபோது என் கண்ணில் நீர் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. என்ன எழுதினேன் என்பது நினைவில்லை. புத்தகம் வெளிவரும்போது நீங்கள் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டீர்கள். எனக்கு மட்டும் அந்த மூன்று அத்தியாயங்களும் வர்ணம் போய்க் கோடாக நிற்கிற படங்கள்தான்.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு நடக்கிறது. என் எழுத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, மேகத்தில் ஒன்று, கழற்றிவிடக் கூடிய சின்ன டிஸ்கில் ஒன்று. அந்த டிஸ்கு வேறு ஊரில், என் தமக்கை வீட்டில் இருக்கிறது. மருமகன் வருகிறபோது அதைக் கொண்டுவந்து புதியதைச் சேர்த்து எடுத்துப் போகிறான். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிப் பூஜையில் வைத்துவிட்டு, விஜயதசமியன்று எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் வைத்திருக்கிறார்களே, அன்றைக்கே இதையும் வைத்துக்கொண்டுவிட்டேன். டிஸ்கிலிருந்து ஓர் அத்தியாயம், மேகத்திலிருந்து ஓர் அத்தியாயம் திரும்ப எடுத்து, ஆதியோடந்தமாக வாசித்துப் பார்க்கிறேன். சென்ற விஜயதசமியன்று இரண்டும் வந்தன.

இவை தவிர, நான்காவது பிரதி ஒன்றும் உண்டு. அது தலையணைக்கு அடியில் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.